தையல் மெஷின் டிராயரில் கிடைத்த மாத்திரை

என்னங்க,

நான் ஸ்கேனுக்குக் கிளம்பிட்டேன். பின்னாடியே ஓடி வராதீங்க. அங்க நீங்க முழிக்கிற முழியைப் பார்த்தா எனக்குப் பயம் கூடுது. சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டில குடுங்க.

நூல்கண்டு எடுக்க உங்க டிராயரைத் திறந்தா ஹார்மோன் மாத்திரை! குழந்தை வளர்ச்சி கம்மின்னு தெரிஞ்ச அன்னிக்கே டாக்டரம்மாகிட்ட கேட்டோமே? ஹார்மோன் குடுத்தா வளரும்னு சொல்ல ஆதாரம் போதாது, கெடுதல் வராதுன்னும் சொல்ல முடியாது, ஸ்கேன்ல கவனிச்சுக்கிட்டே இருப்போம்னு பொறுமையா சொன்னாங்க. நீங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினீங்க. அப்புறம் உங்க அக்கா பேச்சைக் கேட்டு இதை எதுக்கு வாங்கினீங்க? சாயங்காலம் அவங்க வந்தா நீங்களே சொல்லிடுங்க, நான் முழுங்க மாட்டேன்னு. நான் வாயைத் திறந்தா வீடு ரெண்டாயிடும்.

தினம் காலையில இஞ்ச் டேப்போட வந்து என் வயித்தை அளக்கிறதையும் நிறுத்துங்க. நான் என்ன உங்க கடைக்கு ஜாக்கெட் தைக்க வந்தவளா? டேப் என் பையில இருக்கு. தேடாதீங்க.

பி.கு: மாத்திரைக்கு அடியில நீங்க ஒளிச்சு வெச்ச குட்டிச் சட்டையையும் பார்த்தேன். பட்டன்கூட தைச்சாச்சு போல. ரொம்ப நேரம் கையிலேயே வெச்சிருந்தேன்.

ஊருக்கெல்லாம் ஆளுக்கு ஏத்த மாதிரிதானே தைக்கிறீங்க? இதைவிடச் சின்னதா இன்னொண்ணு தைச்சு வைங்க.