சொற்கள் புரியவில்லை என்று எழுதிக் கொடுத்த பாட்டு

இன்று காலை சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன். ஜாருக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது போல. அரைப்பதை விட்டுவிட்டு அடித்தொண்டையில் உறுமியது. அணைக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. உன் பாட்டு தொடங்குவது அப்படித்தான். முதலில் கிதார் கீழே எங்கேயோ கிடந்து உறுமும். அதற்கு மேல் நீ யாரிடமோ ரகசியம் சொல்வதுபோல் ஆரம்பிப்பாய். ரப்பர் கருகும் வாடை வந்த பிறகுதான் சுவிட்சைத் தட்டினேன்.

பெங்களூரில் ஐந்து நாள் காய்ச்சலில் நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் உனக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் இந்த ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடத்துப் பெண். ஆலயத்தில் பாடகர் குழு என்றால் நீதான். பிறகு வேலைக்குப் போனாய், கறுப்புச் சட்டை போட்டாய், மூன்று ஆண்களைச் சேர்த்துக்கொண்டு "பேண்ட்" என்றாய். ஆண்டவரைப் பற்றித்தான் பாட்டு. ஆனால் இடி இறங்குவதுபோல் இருக்கும். நீ மொட்டை மாடியில் தொண்டையைப் பழக்கினால் கீழ்வீட்டு மாமி படியேறி வந்துவிடுவார்.

"ஏண்டி, உங்க சாமிக்குக் காது மந்தமா?"

"அவருக்கு நல்லாவே கேக்கும் மாமி. இங்க இருக்கறவங்களுக்குத்தான் கத்த வேண்டியிருக்கு."

"வாயைப் பாரு! பனங்கல்கண்டு வாயில போட்டுக்கோடி, தொண்டை என்னத்துக்கு ஆகும்?" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்.

நம் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாட்டை ஆலயத்தில் பாட வேண்டுமானால் அதன் சொற்கள் கமிட்டிக்கு எழுத்தில் போக வேண்டும். பாடுகிறவரே எழுதிக் கொடுத்தால் செல்லாது. இன்னொருவர் காதால் கேட்டு எழுத வேண்டும். சபையார் காதில் என்ன விழும் என்பதற்கு அதுதான் சாட்சி. வாலிபர் ஞாயிறன்று நீங்கள் பாட விரும்பியபோது அந்த வேலை என்னிடம் வந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய நான், பிரசங்கத்தை எழுதி எழுதியே கை பழகினவள். போதகர் பேசி முடிக்கும்போது என் நோட்டில் ஒரு சொல் விட்டுப்போயிருக்காது. நான் எழுதியதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அரியமங்கலத்தில், உங்கள் பேண்டின் சாலமன் இரும்பு கடையும் லேத் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் ஓயும் என்பதால் அங்கேதான் உங்கள் பயிற்சி. சாலமன் கிதாரைத் தோளில் மாட்டினான். நீ என் காதில் பஞ்சு வைத்துவிட்டு, "பயப்படாதீங்க அண்ணி, கடிக்காது" என்றாய்.

முதல் சரணம் வரை பேனா ஓடியது. ஒரு வீடு. அங்கே தொட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். யாரும் அழாமல் உட்கார்ந்து சோறு தின்கிறார்கள். ஆண்டவரே, நீரும் எங்களோடு உட்கார்ந்து பேசாமல் இருக்கிறீரே என்று கேட்டாய். பேனா நின்றுவிட்டது. அது நம் வீடு. அது என் மகள். ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தவள். ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்டதால் சபைப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறவில்லை. வீட்டிலும் அந்தப் பெயரை எடுக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

கடைசியில் நீ ஒரே சொல்லை இழுத்துக் கதறினாய். கூரைத் தகரம் அதிர்ந்தது. தரையில் கிடந்த இரும்புச் சுருள்கள் நடுங்கின. எல்லோருக்கும் அது வெறும் சத்தம். எனக்கு அது அவள் பெயர்.

சபைக்கு நடுவில் என் துக்கத்தைப் பிரித்துப் போடப் போகிறாயே என்று உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறொன்றில் ஒரே வரி எழுதினேன்: "சத்தம் அதிகம், சொற்கள் புரியவில்லை." கமிட்டிக்கு அது போதுமாயிருந்தது.

கமிட்டி மறுத்த அன்று சாயங்காலம் அடுப்படி வாசலில் வந்து நின்றாய். நீ கோபப்படவில்லை என்பதுதான் இன்னும் குத்துகிறது.

"அண்ணி, நிஜமாவே புரியலையா?"

"புரியலம்மா. என்ன பண்றது, காதுல இரைச்சல்தான் விழுந்துச்சு."

"ஒரு வார்த்தைகூடவா?"

நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

குறை உன் குரலில்தான் என்று நீ நம்பிவிட்டாய். அதற்குப் பிறகு நீ கதறிப் பாடியதை யாரும் கேட்கவில்லை. பெங்களூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாய். போனில் பேசும்போது எல்லாம் பேசினாய், பாட்டைத் தவிர. நானும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டி வருமே.

போன வாரம் சாலமன் வந்தான். உன் நினைவாக அந்தப் பாட்டைப் பட்டறையில் ஒருமுறை பாடப் போகிறார்களாம். "பதிவு பண்ணி வச்ச போன் போச்சு அண்ணி. பாட்டு அவங்க வாயிலதான் இருந்துச்சு. உங்களுக்குப் புரியலைன்னு தெரியும். இருந்தாலும் ஒண்ணு ரெண்டு வரியாச்சும்..."

ஒரு தாள் எடுத்து மூன்று சரணமும் எழுதிக் கொடுத்தேன். நடுவில் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே தடவை கேட்ட பாட்டு, ஒரு சொல் உதிராமல் எனக்குள் இருக்கிறது. வாசித்துவிட்டு அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கடைசில அவங்க கத்துவாங்களே, அது சும்மா கத்தலா, வார்த்தையா அண்ணி? நாங்க எத்தனையோ தடவை கேட்டோம். சிரிப்பாங்களே தவிர சொல்ல மாட்டாங்க."

நீ அவர்களிடம்கூடச் சொல்லவில்லை. அப்படியானால் ஆலயத்தில் எவருக்கும் அது தெரிந்திருக்காது. அத்தனை பேர் நடுவில் எனக்கு ஒருத்திக்கு மட்டும் கேட்கும்படி என் மகளைக் கூப்பிடத்தான் அவ்வளவு சத்தம் போட்டிருக்கிறாய்.

"பேருப்பா அது," என்றேன்.

"யாரு பேரு?"

சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன். சாலமன் தாளைச் சுவரில் வைத்து, கடைசி வரிக்குக் கீழே அதை எழுதிக்கொண்டான். அந்த மூன்று எழுத்தையும் ஒரு தாளில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்க்க நீ இல்லை.