உன் பங்கு இங்கிலீஷ்

இன்று காலை என் வாயில் கிராம்பு வாசம் அடித்தது. நான் கிராம்பு போடுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். நாள் முழுக்கக் கஸ்டமரிடம் பேசித் தொண்டை கட்டிக்கொள்ளாமல் இருக்க, நீதான் எந்நேரமும் கன்னத்தில் ஒன்றை ஒதுக்கிக்கொண்டு திரிவாய். தி.நகர் கடையின் இரண்டாவது மாடி, கல்யாணப் பட்டுப் பிரிவு. எதிரே சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மாவும் பெண்ணும். புடவை மலையாகக் குவிந்துகிடக்கிறது, முடிவுக்கு வந்தபாடில்லை. அப்போது என் வாய் சொன்னது: "ஸ்லீப் ஆன் இட், மேடம்." ஒரு ராத்திரி யோசித்துவிட்டு நாளைக்கு வாங்க என்பதற்கு. கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, மேடத்தை நீட்டி இழுத்து, அச்சு அசல் நீ சொல்வதுபோல. பக்கத்துக் கவுண்டர்காரி என்னைத் திரும்பிப் பார்த்தவள், மடித்துக்கொண்டிருந்த புடவையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வார்த்தை என்னுடையது இல்லை. உன் பங்கு.

வெளிநாட்டுக் கஸ்டமர்களைப் பார்த்துக்கொள்ள நம் இருவரையும் போட்டபோது, பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் நமக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் பேச்சில் பாதியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அதனால்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாக் ரூம் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு போன், ஆளுக்கு ஒரு காதில் இயர்போன், மடியில் டிபன் பாக்ஸ் என்று படிக்க ஆரம்பித்தோம். கற்றதைப் பங்கு பிரித்தது நம் கூத்து. கடையில் ஒரு சட்டம் உண்டே: யார் முதலில் சேலையைப் பிரித்துக் காட்டுகிறாளோ, கஸ்டமர் அவளுக்கு, அடுத்தவள் குறுக்கே போகக் கூடாது. வார்த்தைக்கும் அதே சட்டம் என்றாய். யார் முதலில் ஒரு கஸ்டமரிடம் சொல்கிறாளோ, அவளுக்கே சொந்தம். இன்றைக்கு இது போதும் என்கிற "கால் இட் எ டே" எனக்கு வந்தது. "ஸ்லீப் ஆன் இட்" உனக்குப் போனது. ஒருமுறை மறந்துபோய் என்னுடையதைச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாரி மச்சி, உன் கஸ்டமர் மேல கை வெச்சிட்டேன்" என்றாய். உலகத்தில் வேறு யாராவது பாஷையை இப்படிப் பாகப்பிரிவினை செய்திருப்பார்களா?

நீ செய்த அட்டகாசமும் கொஞ்சமா? டிஸ்கவுண்ட் கேட்ட ஒரு பெரிய மனுஷியிடம், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்து, "ஓவர் மை டெட் பாடி, மேடம்!" என்றாயே. முடியவே முடியாது என்பதை மரியாதையாகச் சொல்கிறோம் என்று உனக்கு நினைப்பு. மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. அந்த அம்மாவோ சிரித்துச் சிரித்துப் புரையேறி, இன்னும் ஒரு புடவை சேர்த்து வாங்கிக்கொண்டு போனார். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

காய்ச்சல் என்று நீ பாலவாக்கத்தில் வீட்டோடு படுத்தபோது வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய்: "அண்டர் த வெதர், மச்சி. என் கஸ்டமர பாத்துக்கோ." கஸ்டமரைத்தான் கொடுத்தாய், வார்த்தைகளைக் கொடுக்கவில்லை. அப்புறம் ஆஸ்பத்திரி. உன் அம்மா கீழே இட்லி வாங்கப் போன நேரத்தில் நீ போய்விட்டாய்.

அதற்குப் பிறகும் நான் சட்டத்தை மீறவில்லை. உன் பங்கு நாக்கு நுனிக்கு வந்தால் விழுங்கிவிட்டு, பாதி இங்கிலீஷை வைத்தே ஒப்பேற்றினேன். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில்தான் முதல்முறை நழுவியது. ஞாபகம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு தினமும் வந்தது. நான் நினைப்பதற்கு முன்னாலேயே வாய் பேசி முடித்திருக்கும். எங்கள் அம்மா பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கிவந்து குடிக்கச் சொன்னார், குடித்தேன். மறுநாளும் நீ வந்தாய். எனக்குப் பயமாக இருந்தது. எந்தப் பயம் என்றாலும் உன்னிடம்தான் ஓடி வருவேன். இந்த முறை பயமே உன்னைப் பார்த்துத்தான் என்றால் நான் எங்கே போவேன், சொல்லு.

போன வாரம் லீவு நாளில் உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உன் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பயப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா சொல்லுவா? எங்க, சொல்லிக் காட்டு."

"நானா சொன்னா அது நான் பேசுறதுதாம்மா. அதுவா வரணும்."

"வரட்டும். எனக்கு வேற இன்னா வேல கீது?"

உச்சி வெயில். கடல் காற்றில் கொடியில் கிடந்த உன் சுடிதார் ஆடிக்கொண்டிருந்தது. இன்னமும் அதைத் துவைத்துத் துவைத்துக் காயப்போடுகிறார். வெகுநேரம் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, என்னிடம் இல்லை, உன்னிடம் கேட்டார்:

"நா இட்லி வாங்கினு வர்றதுக்குள்ள பூட்டியே கண்ணு. என்ன தேடினியா?"

அந்தக் கேள்வியை அவர் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. இத்தனை மாதமாக அதைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டுதான் சோறு தின்றிருக்கிறார். இல்லை என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். என் கழுத்து தானாக இடப்பக்கம் சாய்ந்தது.

"ஹை அண்ட் லோ, அம்மா. ஹை அண்ட் லோ."

அதை நாம் படித்ததே இல்லை. உன் பங்கிலும் இல்லை, என் பங்கிலும் இல்லை. ஆனால் யாரும் சொல்லித் தராமலே எனக்கு அதன் அர்த்தம் தெரிந்திருந்தது.

உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அவ கொரலுதான். எம் பொண்ணு கொரலேதான். இன்னாம்மா சொல்றா?"

"தேடவே இல்லையாம், அம்மா" என்றேன். "நீங்க கீழ போகும்போதே தூங்கிட்டாளாம்."

அவர் அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், எனக்குச் சோறு போட்டு, தனக்கும் ஒரு தட்டு எடுத்துவைத்துக்கொண்டார்.

மூலை முடுக்கு விடாமல் தேடினேன் என்றாய் நீ. அது என்னோடு இருக்கட்டும்.