நீ கையெழுத்துப் போடாத வீடு

என் பிரபுவுக்கு, கல்யாணத்துக்குப் பிறகும் 'டா' போடுவதை விடாத உன் சுதா எழுதுவது.

உங்க அம்மா முன்னால் மட்டும் 'வாங்க, போங்க' என்று நடிப்பேனே, அந்த மரியாதையெல்லாம் இந்தக் கடிதத்தில் கிடையாது. நான் கோபத்தில் இருக்கிறேன். உன் மேலும் சேர்த்துத்தான்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எடிசனில் நாம் பார்த்த காண்டோ, பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு, தரைத்தளம், பின்பக்கம் கொஞ்சம் புல்வெளி, ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம் என்று நீ துள்ளினாயே, அந்த வீட்டை வாங்கியாகிவிட்டது. போன வாரம் நானும் யாழினியும் குடி வந்தோம். பால் காய்ச்சினேன். அது பொங்கி அடுப்பில் வழிந்து, ஸ்மோக் அலாரம் அலறி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள்.

'வாங்கியாகிவிட்டது' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன். அதற்குள் என்ன பாடு பட்டேன் தெரியுமா?

மன்ஹாட்டனிலிருந்து திரும்புகிற ரயிலில் நீ சரிந்து விழுந்தபோது, காண்ட்ராக்டில் நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். லோன் பாதி வழியில் இருந்தது. உன்னைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், எல்லாக் காரியமும் முடித்து, யாழினியின் ஸ்கூலுக்காகத் திரும்பி வந்தேன். கிரீன் கார்டு இருந்தது, எனக்கு வேலையும் இருந்தது, அதனால் நாட்டை விட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. அபார்ட்மென்ட்டில்தான் சொன்னார்கள். லீஸ் முடிந்ததும் காலி செய்கிறோம் என்று நீயே எழுதிக் கொடுத்திருந்தாய். வேறு குடும்பத்துக்குப் பேசிவிட்டார்களாம்.

"தனியா எதுக்கு அங்க கஷ்டப்படறே? பேசாம ஊருக்கு வந்துரு" என்றார் என் அண்ணன். யாழினியைக் கேட்டேன். "அப்பா இஸ் கான். ப்ளீஸ் அம்மா, நாட் மை ஸ்கூல் டூ" என்றாள். இங்கேயே இருப்பது என்று முடிவு செய்தேன்.

லோன் ஆபீசர் கெவினைக் கூப்பிட்டேன். "ஐ யாம் சோ சாரி" என்றவர் அடுத்த மூச்சிலேயே, என் சம்பளத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அப்ளை பண்ணணும் என்றார். பண்ணினேன். டெத் சர்டிபிகேட் கேட்டார், அனுப்பினேன். வீட்டுப் பத்திரம் பார்க்கிற வக்கீல் ஆபீஸில் கேட்டார்கள், அங்கேயும் அனுப்பினேன். பழைய ஃபைலில் இருந்தது புது ஃபைலுக்கு வரவில்லை என்று கெவின் மறுபடி கேட்டார். அதை ஸ்கேன் செய்கிற ஒவ்வொரு முறையும் உன் பெயரைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். இத்தனைக்கும் நடுவில் லோன் கம்பெனியின் கம்ப்யூட்டர் உனக்கு மெயில் போட்டுக்கொண்டே இருந்தது. 'பிரபு, உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம்.' யாருடா இல்லை என்றது? நானுந்தான் காத்திருக்கிறேன்.

வக்கீலம்மாவைத் தேடிப் பிடித்தவன் நீ. எப்போது கூப்பிட்டாலும் அசிஸ்டென்ட்தான் எடுப்பாள். "ஷீ இஸ் இன் எ க்ளோசிங்" என்பாள். யார் யாரோ வீடு வாங்கி முடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் ஏன் எதுவும் முடியவில்லை?

கடைசியில் எல்லாம் ஒரு இடத்தில் வந்து நின்றது. காண்டோ என்பதால், மொத்தக் குடியிருப்பையும் நிர்வகிக்கிற ஆபீஸிலிருந்து இன்சூரன்ஸ் சரியாக இருக்கிறது, கோர்ட் கேஸ் எதுவும் இல்லை என்று பேப்பர் வர வேண்டும். அது வராமல் லோன் நகராது. கெவினைக் கேட்டால், உங்க வக்கீல்தான் வாங்கித் தரணும் என்றார். வக்கீல் ஆபீஸைக் கேட்டால், லோன் கம்பெனிதான் கேட்டு வாங்கணும் என்றார்கள். இந்த இழுபறியில், வட்டியை ஏறாமல் பிடித்து வைத்திருந்தோமே, அந்தக் கெடுவும் போனது.

வீட்டை விற்கிற ரமணிக் அங்கிளை ஞாபகம் இருக்கிறதா? நாம் வீடு பார்க்கப் போனபோது யாழினி கையில் சாக்லேட்டைத் திணித்தாரே, அவர்தான். நல்ல மனுஷன். நீ போன செய்தி தெரிந்ததும், "டேக் யுவர் டைம் பேட்டா" என்று சொந்த மகளிடம் சொல்வது போலச் சொன்னவர். அவரே ஒருநாள் போன் பண்ணினார். "பேட்டா, டெக்சாஸ்ல என் பையன் ரூம் ரெடி பண்ணிட்டுக் காத்துட்டிருக்கான். ஆன்ட்டிக்கும் உடம்பு சரியில்லை. இந்த மாசம் முடியலைன்னா நான் வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும். தப்பா நினைக்காதே." அவரை எப்படித் தப்பா நினைக்க முடியும்? திட்ட ஒரு ஆள்கூட இல்லாமல் போனதுதான் அன்றைக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த நிர்வாக ஆபீஸுக்கே டிரைவ் பண்ணிப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அதை எப்பவோ அனுப்பியாச்சே" என்றாள்.

"யாருக்கு?"

"ஆர்டர் பண்ணினவருக்கு. மிஸ்டர் பிரபு. அவர் கொடுத்த ஈமெயிலுக்கு."

திரையை என் பக்கம் திருப்பினாள். உன் ஆபீஸ் ஈமெயில். நீ போனதுமே அவர்கள் மூடிவிட்ட ஈமெயில்.

ஏன்டா? ஜிமெயில் இருக்க, ஆபீஸ் ஐடியை ஏன்டா கொடுத்தாய்? எனக்கு ஒரு காப்பி போடுவதற்கு என்ன கேடு?

"எனக்கு ஒரு காப்பி குடுங்க" என்றேன். ஆர்டர் உன் பெயரில் இருப்பதால் உனக்குத்தான் கொடுக்க முடியுமாம். வேண்டுமானால் நீயே போன் பண்ணிச் சொல்லலாமாம். "ஹீ இஸ் டெட்" என்றேன். ஆபீஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, பிரிண்ட் எடுத்து, எனக்கும் கெவினுக்கும் மெயிலும் அனுப்பினாள். காருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அழுதது அதற்கப்புறம்தான்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மாசக் கடைசிக்குள் க்ளோசிங். வக்கீலம்மாவை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். மேஜைக்கு எதிர்ப்பக்கம் ரமணிக் அங்கிள். கிரயப் பத்திரத்தில் அவர் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். என் பக்கம் நகர்த்தினார்கள். வாங்குபவர் பெயர் சுதா, அதை அடுத்து, 'எ சிங்கிள் வுமன்'.

"இது தப்பு" என்றேன்.

"சட்டப்படி ஒரு வித்தியாசமும் இல்லை சுதா. ஜஸ்ட் எ ஃபார்மாலிட்டி" என்றார் வக்கீலம்மா.

"எனக்கு வித்தியாசம் இருக்கு. விடோ ஆஃப் பிரபுன்னு மாத்துங்க."

ஊரில் உன் அத்தை என் காதுபட அந்த வார்த்தையைச் சொன்னபோது எழுந்து வெளியே போனவள் நான். இங்கே நானே கேட்டு வாங்கினேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து தேடிய வீடு. அதன் பத்திரத்தில் நீ பிறக்கவே இல்லாத மாதிரி எழுதியிருந்தால் எப்படிடா சும்மா விட முடியும்?

மாற்றி அடிக்க நேரமாகும், க்ளோசிங் தள்ளிப்போகலாம் என்றார் வக்கீலம்மா. "காத்திருக்கேன்" என்றேன். இத்தனை மாதமாக அவர்களெல்லாம் என்னைச் சொல்ல வைத்த வார்த்தை. அன்றைக்கு அவர்கள் காத்திருந்தார்கள். ரமணிக் அங்கிள் மட்டும் சட்டைப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடறேன் பேட்டா, நோ ப்ராப்ளம்" என்றார்.

புதுப் பத்திரம் வந்தது. உன் பெயர் இருந்தது. அங்கிள் கையெழுத்துப் போட்டார். அப்புறம் என் முறை. லோன் பேப்பர் ஒவ்வொன்றிலும் தனியாகப் போட்டேன்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்காதே. தீரவில்லை. நேற்று கரண்ட் கம்பெனியிலிருந்து போன், கணக்கு இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறதாம். "மிஸ்டர் பிரபு இருக்காரா?" பழக்கதோஷத்தில், "இப்ப இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன், என்னவோ நீ பால் வாங்கக் கடைக்குப் போயிருக்கிற மாதிரி. ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த யாழினி நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்த முறை அப்படிச் சொல்லமாட்டேன், இது உனக்கு நான் தருகிற வாக்கு. அவர் இறந்துட்டார், இது என் வீடு, என்கிட்ட சொல்லுங்க என்பேன். யாழினி காதில் விழும்படி, குரல் உடையாமல் சொல்வேன்.

உன் பொண்டாட்டி,
யாழினியின் அம்மா,
சுதா