அம்மாவுக்கென்று ஒரு லாகின்

புத்தூர், திருச்சி
பிப்ரவரி 8, ஞாயிறு

அன்பு மகள் அறிவுமதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உன் பிள்ளைகள் இருவரும் நல்லபடியாக இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். தினமும் பேசுகிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொல்லலாம் என்றால் பிள்ளைகள் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. உன் ஆபீஸ் பெண் லீவு முடிந்து நாளை கிளம்புகிறாள், அவளிடம் கொடுக்கிற பருப்புப்பொடி டப்பாவோடு இதையும் வைத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளை போன வாரம் ஓசூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார். உன் அம்மாவுக்கு முட்டி வலி தேவலை, தென்னூர் டாக்டரின் மாத்திரை கேட்கிறது.

முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். நீ போவதற்கு முன்னால் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, யாழினிக்கு ஒரு லாகின், பிரவீன்ராஜுக்கு ஒரு லாகின், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும் என்று அமைத்துக் கொடுத்தபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பிள்ளைகளை ஒரு மெஷினா பார்த்துக்கொள்ள வேண்டும், முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு இரண்டு பிள்ளைகளை அதட்டத் தெரியாதா என்று உன் அம்மாவிடம் சொன்னேன். நீ போன பிறகுதான் புரிந்தது, அது இல்லாவிட்டால் தினமும் நான் கத்தவும் அவர்கள் அழவுமாகத்தான் போயிருக்கும். இப்போது நேரம் முடிந்தால் அவர்களாகவே எழுந்துவிடுகிறார்கள், என்மேல் யாருக்கும் கோபமில்லை, யாழினி விளக்கு வைப்பதற்குள் வீட்டுப்பாடத்தை முடித்துவிடுகிறாள்.

ஆனால் நீயும் நானும் யோசிக்காத ஒன்று நடந்துவிட்டது. சின்னவன் முகத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று உன் வீடியோ கால் அவன் லாகினில் வருகிற மாதிரி வைத்திருந்தாய் அல்லவா. பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு நாள் பேச்சு பாதியில் நின்றது, நெட் போய்விட்டது என்று நினைத்து நீ வேலைக்குத் திரும்பிவிட்டாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். நெட் போகவில்லை. ஸ்கூல் விட்டு வந்ததும் அவன் நாற்பது நிமிஷம் கார் கேம் விளையாடியிருக்கிறான், உன்னோடு பேசின இருபது நிமிஷமும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நேரம் முடியப்போகிறது என்று எழுத்து வந்திருக்கிறது, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அதைக் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து அவன் விளையாடவே இல்லை. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் தெருவில் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் போய்விட்டுத் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று நகர்ந்தது, ஜன்னலோரம் இருந்தவன், “தாத்தா, மிச்சம் இருக்கற நிமிஷத்தை நாளைக்குச் சேத்து வச்சுக்க முடியாதா?” என்று கேட்டான். எதற்கடா என்றேன். “அம்மாகூட பேசத்தான். அன்னைக்கு நான் விளையாடினதாலதான் அம்மா போயிட்டாங்க,” என்றான். நெட் போனதற்கு நீ என்னடா பண்ணுவாய் என்றேன். “இல்ல தாத்தா, டைம் முடிஞ்சிடுச்சு. அம்மாகிட்ட சொல்லாதீங்க, வருத்தப்படுவாங்க,” என்றான். அழவில்லை, ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எட்டு வயதுப் பிள்ளை, மூன்று வாரமாகத் தன் ஒரு மணி நேரத்தை உனக்காகத் தொடாமல் வைத்திருக்கிறான்.

நம் மாடியில் குடியிருப்பவர்களின் மகள் அஃபீஃபா காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், புதன்கிழமை அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். நீ கவரில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை பீரோவிலிருந்து எடுத்துத் தந்தேன். நேரக் கட்டுப்பாட்டையே எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் அது என் மகள் யோசித்து வைத்தது, அதில் கை வைக்காதே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப அம்மாவுக்குன்னு தனியா ஒரு லாகின் போட்டுடலாம் தாத்தா. அதுல கால் மட்டும்தான் வரும், டைம் கணக்கே கிடையாது,” என்றாள். மறுநாள் பரீட்சையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள், அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டதும் யாழினி, பிரவீன்ராஜ் என்ற பெயர்களுக்குக் கீழே ‘அம்மா’ என்று வந்தது. பிரவீன்ராஜ் அதை வாய்விட்டு இரண்டு தடவை படித்தான்.

வியாழக்கிழமை, இன்னைக்கு என்னடா இவ்வளவு பேசற என்று அவனிடம் கேட்டாயே, அதற்குக் காரணம் இதுதான். பேசி முடித்த கையோடு தன் லாகினுக்குப் போய்க் கார் கேமைத் திறந்தான். ஒரு மணி நேரத்தில் அது மூடிக்கொண்டதும் என்னிடம் வந்து, “என்ன தாத்தா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு, அம்மா ரொம்ப கம்மியா வச்சுட்டாங்க,” என்று சண்டைக்கு நின்றான். அவன் உன்னைக் குறை சொல்லிக் கேட்டதில் எனக்கும் உன் அம்மாவுக்கும் அப்படி ஒரு நிம்மதி.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத்தான் தினமும் எங்களுக்குக் கொடுக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும், அதை நாங்கள் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இனிமேல் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பேசு, நீ சாப்பிடுவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். போன வேலை நல்லபடியாக முடிந்து நீ மனநிறைவோடு வீடு வந்து சேர வேண்டும், உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. சொல்லமாட்டேன் என்று அவனிடம் தலையாட்டியிருக்கிறேன், அதனால் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. பாவம் பிள்ளை என்று அந்த ஒரு மணி நேரத்தைக் கூட்டியும் விடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மதுரைவீரன்