மலை மூச்சு விடுற பொந்து

சோத்ரெஸ்,
ஆகஸ்ட் 21, 1988.

தெல்வா அக்காவுக்கு, உன் உருப்படாத தம்பி நெல் எழுதிக்கிறது.

மொதல்ல தலகாணிய சரி பண்ணிக்கிட்டு நேரா படு. நீ இங்க இருந்திருந்தா இந்நேரம் வெளக்கமாறு எடுத்திருப்ப. ஒவியேதோ ஆஸ்பத்திரியில ஆறு வாரமா மல்லாந்து கெடக்குறங்கிற தைரியத்துலதான் எழுதுறேன். வராண்டாவுல இருக்குற போனுக்குக்கூட நீ எழுந்து வரக்கூடாதாமே, மச்சான் சொன்னாரு. நல்லதாப் போச்சு. போன்ல சொன்னா கத்துவ. கத்தினா வயித்துக்கு ஆகாது.

எல்லாம் நல்லாருக்குன்னு மச்சான் உன்கிட்ட சொல்லிட்டு வந்திருப்பாரு. லாரி ஓட்டுறவருக்கு, சீஸு பழுக்க வெக்கிற குகையப் பத்தி என்ன தெரியும்? நல்லால்ல அக்கா. இப்பதான் நல்லாகுது. நீ வாந்தி எடுத்துக்கிட்டே கறந்த பால், அதுல ஊத்தின நூத்திப் பன்னெண்டு சீஸு, உன் ஒரு வருசப் பொழப்பு, அத்தனையையும் நான் தீத்துக்கட்டப் பாத்தேன்.

சாவியக் குடுக்கும்போது என்ன சொன்ன? வாரம் ரெண்டு வாட்டி சீஸத் திருப்பி வையி, ஈரத்துணியால தொட, வேற எதையும் மாத்தாதன்னு சொன்ன. நான் என்னைக்கு சொன்னதக் கேட்டிருக்கேன்? லெயோன்ல மாட்டு டாக்டருக்குப் படிக்க அனுப்பினீங்க, ஒன்றரை வருசத்துல ஓடி வந்தேன். ஹிஹோன்ல மீன் படகுல ஏறினேன், வாந்தி எடுத்தே எறங்கிட்டேன். இந்தக் குகையாவது ஒழுங்காப் பாத்துக்கிட்டோம்னு பேர் வாங்கணும்னு இருந்துச்சு. அங்கதான் கெட்டுது.

ஜூலை மாசம் எலி வந்துடுச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, குடும்பம் குட்டியோட. நாலு சீஸ சுத்தி சுத்தித் தின்னு வெச்சிருந்துச்சு. எங்கேந்து வருதுன்னு விளக்க வெச்சுத் தேடினா, பின்னாடி சுவத்துல, கீழ் பலகைக்குப் பின்னால, என் தோள் நுழையுற அளவுக்கு ஒரு பொந்து. நான் என்ன பண்ணினேன்? கீழ ஊருக்குப் போயி அரை மூட்டை சிமெண்ட் வாங்கி, கல்லு வெச்சு, நல்லா கெட்டியாப் பூசி அடைச்சேன். எலி நின்னுடுச்சு. அன்னைக்கு நான் விசில் அடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன். படிச்சவன் மூளைடான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ரெண்டாவது வாரம் சீஸெல்லாம் வேர்க்க ஆரம்பிச்சுது. தொட்டா கையில வழவழன்னு ஒட்டுது. தோலு ஆரஞ்சு கலரா மாறுது. மூணாவது வாரம் ஒண்ண உடைச்சுப் பாத்தேன். உள்ள சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. நம்ம சீஸுக்குள்ள நரம்பு நரம்பா ஓடுமே அந்த நீலப் பூசணம், அது ஒரு பொட்டு இல்ல. மழையில நனைஞ்ச காலுறை நாத்தம். வாயில வெச்சேன், புளிச்ச மாவு. நம்ம சீஸு நாக்க அறையுமே அக்கா, மொதல்ல உப்பு, அப்புறம் ஆடு, அப்புறம் காட்டுக் காளான், கடைசியில தொண்டையில ஒரு தீக்குச்சி கொளுத்துமே, அது ஒண்ணுமே இல்ல. பொணம் மாதிரி சும்மா கெடந்துச்சு.

எனக்குப் புரியல. நானும் நீ பண்ணின மாதிரியேதான் திருப்புறேன், தொடைக்கிறேன். வெளிய வந்து உக்காந்து அழுதேன். அத யார்கிட்டயும் சொல்லாத.

அன்னைக்குத்தான் எங்ராசியா வந்துச்சு.

ஆமா, அதே எங்ராசியாதான். ஆறு வருசம் முன்னாடி சந்தையில நீ மொதப் பரிசு வாங்கினப்ப, தெல்வா பூசணம் பிடிச்ச ரொட்டிய அரைச்சுப் பாலுல கலக்குறான்னு சாராயக்கடை முழுக்கச் சொன்ன அதே எங்ராசியா. அவ நிழல்கூட என் குகை வாசல்ல விழக்கூடாதுன்னு நீ சத்தியம் பண்ணினியே, அந்தம்மாதான். அதோட குகை நம்மளுதுக்கு மேல, நூறு அடி ஏறினா வரும், உனக்குத் தெரியாததா. கையில ஆடு மேய்க்கிற கம்போட எறங்கி வந்துச்சு. வரும்போதே, எவன்டா என் குகையோட கழுத்த நெரிச்சதுன்னு சத்தம். சரிவுல இருக்குற அஞ்சு குகை வாசல்லயும் நின்னு திட்டிட்டு, கடைசியா நம்மகிட்ட வந்திருக்கு.

அதோட குகையிலயும் ரெண்டு வாரத்துக்கு மேலா காத்து அசையலையாம். மெழுகுவத்தி ஏத்தினா, கோயில்ல நிக்குற மாதிரி ஆடாம நேரா நிக்குதாம். அதோட சீஸும் வேர்க்குதாம். சொல்லிக்கிட்டே நம்ம வாசல்ல கெடந்த சிமெண்ட் சாக்கப் பாத்துடுச்சு. என்னையும் பாத்துச்சு. சாக்க மறுபடி பாத்துச்சு. டேய், படிப்ப விட்ட கழுதை, எதைடா அடைச்சன்னு கேட்டுச்சு.

நான் வாசல்ல குறுக்க நின்னேன் அக்கா, நெஜமா. உள்ள விடமாட்டேன், எங்கக்கா சத்தியம் பண்ணிருக்கான்னு சொன்னேன். அதுக்கு அந்தம்மா சொல்லுச்சு, உங்கக்கா சத்தியத்த நீ காப்பாத்து, உங்கக்கா சீஸ நான் காப்பாத்துறேன், இப்ப நகருன்னு.

நகர்ந்துட்டேன். இதத்தான் முக்கியமா உன்கிட்ட ஒத்துக்கணும்னு நெனச்சேன். சிமெண்ட் என் முட்டாள்தனம். ஆனா அவங்கள உள்ள விட்டது நான் தெரிஞ்சே பண்ணினது.

உளியும் சுத்தியலும் எடுத்தோம். நான் அடிக்க, அது திட்ட, மாத்தி மாத்தி. உன் சிமெண்ட்ல வீடே கட்டலாம்டா, சீஸத் தவிர எல்லாம் உனக்கு நல்லா வருதுன்னு சொல்லுச்சு. கடைசிக் கல்லு உள்ளாற விழுந்துச்சு. ஒரு நிமிசம் ஒண்ணும் இல்ல.

அப்புறம் வந்துச்சு அக்கா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தூங்குற பெரிய மாடு ஒண்ணு பெருமூச்சு விடுமே, அந்த மாதிரி ஒரு சத்தம், எங்கயோ ரொம்ப ஆழத்துலேந்து. குளிர் காத்து மூஞ்சியில அடிச்சுது. விளக்கு அணைஞ்சுடுச்சு. எங்ராசியாவோட தலைத்துணி பறந்து போச்சு. இருட்டுல ரெண்டு பேரும் அசையாம நின்னோம். இருபத்தி மூணு வருசமா இந்த மலை மேல நடக்குறேன், இது உசுரோட இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல.

விளக்க மறுபடி ஏத்தினதும் அந்தம்மா பொந்தையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. இது எங்கேந்து வருதுன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம விறுவிறுன்னு மேல ஏறிப் போச்சு. போகும்போதே, நீ அங்கயே நில்லு, மூக்கத் தொறந்து வையின்னு கத்துச்சு. அதோட குகையில பின்னாடி மூலையில ஒரு பிடி ஈர வைக்கோலக் கொளுத்தியிருக்கு. நான் இங்க நம்ம பொந்துக்கு முன்னாடி குந்திக்கிட்டு இருக்கேன். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம், ரெண்டு சிகரெட் நேரம். வந்துச்சு பாரு, வைக்கோல் புகை வாசம். நூறு அடி பாறைக்குள்ள புகுந்து வந்து நம்ம சீஸு மேல தடவிட்டுப் போகுது.

அக்கா, உனக்குப் புரியுதா? கோடையில அவங்க குகை காத்த உள்ள இழுக்குது, நம்ம பொந்து வழியா வெளிய விடுது. பனிக்காலத்துல அப்படியே தலைகீழா மாறி நம்ம பொந்து உள்ள இழுக்கும். அப்ப அவங்களுக்கு வெளிய ஊதுமாம். ரெண்டு குகை இல்ல அது. ஒரே மூச்சு. அவங்க சீஸு மேல பட்ட காத்துதான் நம்ம சீஸுக்கு நீலம் குடுக்குது, நம்ம சீஸு மேல பட்டது அவங்களுக்கு. யாரும் எதையும் பாலுல கலக்கல. இந்த நீலத்த யார் இங்க கொண்டு வந்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. எவனோ ஒரு ஆட்டுக்காரன் குகையில சீஸ மறந்துட்டுப் போனான், திரும்பி வந்தப்ப நீலம் பூத்திருந்துச்சுன்னு கதை சொல்வாங்க. அவன் மறந்தது நல்லதாப் போச்சு, மலை ஞாபகம் வெச்சிருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஆறு வருசமா எவளோடது ஒசத்தின்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தீங்க. மலை ரெண்டையும் ஒண்ணாத்தான் வளத்துக்கிட்டு இருந்திருக்கு.

எங்ராசியா எறங்கி வந்து கல்லு மேல உக்காந்துச்சு. பறந்துபோன தலைத்துணியத் தேடி எடுத்துக் கட்டிக்கிச்சு. அப்புறம், ரொட்டி இல்லன்னு உங்கக்காகிட்ட சொல்லுன்னு சொல்லுச்சு. அவ்ளோதான். அந்தம்மா வாயிலேந்து அதுக்கு மேல வராது, உனக்கே தெரியும்.

இப்ப கணக்கச் சொல்லிடறேன். முப்பத்தொரு சீஸு போயிடுச்சு, பன்னிக்குப் போட்டேன், பன்னி சந்தோசமா இருக்கு. மிச்சத்த வழவழப்பு போக உப்புத்தண்ணியில கழுவினோம். அந்தம்மா தன்னோட சீஸுல நல்லா நீலம் பிடிச்ச ரெண்ட எடுத்துக்கிட்டு வந்து, கேக்காமயே நம்ம பலகை நடுவுல வெச்சிருக்கு. அதுலேந்து நீலம் மத்ததுக்கும் ஒட்டிக்கட்டும்னு சொல்லுச்சு. பன்னெண்டு நாள் ஆச்சு. நேத்து ஒண்ணுல ஊசி விட்டு மோந்து பாத்தேன். குத்துது அக்கா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஊசி நுனியில சாம்பல் பூத்த பச்சை, நரம்பு மாதிரி ஒரு கோடு. இன்னும் நீலம்னு சொல்ல முடியாது. ஆனா கெளம்பிடுச்சு.

இப்ப பிரச்சினை என்னன்னா, புல்லு இங்க தீந்து போச்சு. வர்ற வியாழக்கிழமை நான் ஆட்டையும் மாட்டையும் மேல் மேய்ச்சலுக்கு ஓட்டணும். அங்க போனா செப்டம்பர் கடைசி வரைக்கும் எறங்க முடியாது. சீஸு திருப்ப ஆள் வேணும். திருப்பலன்னா மறுபடி வேர்க்கும், இந்தத் தடவை பிழைக்காது. எங்ராசியா நான் பாத்துக்கிறேன்னு சொல்லுது. ஆனா சாவிய நீட்டினா வாங்க மாட்டேங்குது. ஒரு தடவை அவசரத்துக்கு நுழைஞ்சேன், இனிமே அவ வாயால சொல்லாம அந்த வாசல மிதிக்க மாட்டேன்னு பிடிவாதமா நிக்குது. அந்தம்மாவுக்கும் ரோசம், உனக்கும் ரோசம். எண்பத்தொரு சீஸு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்குது.

நீ பெரிய கடிதாசி எல்லாம் எழுத வேணாம். கை வலிக்கும். மச்சான் செவ்வாக்கெழமை இந்தக் கடிதாசியோட அங்க வர்றாரு, அவர்கிட்ட ஒரு துண்டுச் சீட்டுல "எங்ராசியா, உள்ள போ"ன்னு மட்டும் எழுதிக் குடுத்து விடு. மன்னிச்சேன்னு எழுத வேணாம். மன்னிக்கலன்னா மன்னிக்காத. உள்ள போன்னு மட்டும் எழுது.

பிரசவத்துக்கு இன்னும் பத்து வாரம். போன ரெண்டு தடவையும் வயித்துல தங்காமப் போச்சே, அந்த மாதிரி மாட்டுக் கொட்டாயில ஏதாச்சும் ஆயிடுமோன்னு எழுந்து ஓடி வந்துடாத. இங்க ஓடி வந்து பாக்க வேண்டியது ஒண்ணும் இல்ல, நாங்க ரெண்டு பேரு இருக்கோம். நீ பாட்டுக்குப் படுத்திரு. அசையாத. உனக்குள்ள இருக்குறது முழுசா பழுத்து வரட்டும், அதுக்கும் அதோட நேரம் இருக்கு.

மாதா உன்னையும் அதையும் கையில ஏந்திக்கிட்டு இருக்கட்டும்.

அடி வாங்கக் காத்திருக்குற,
நெல்.