முனுசாமியின் இடது கால்

1946 ஜனவரி 7, திங்கள்

பனி. விடிந்தும் சாந்தோம் கடற்கரையில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. முனுசாமி எனக்கு முன்பே வந்து காலை உதறிக்கொண்டிருந்தான். (இனி மு. போதும், மை தட்டுப்பாடு.) அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து ஓடியே வந்திருக்கிறான். பகலெல்லாம் கை ரிக்ஷா இழுக்கிறவன்.

இன்று:
பஸ்கி 80, தோளில் மணல் மூட்டையோடு
படியில் குதிகால் தூக்கி எழும்புதல் 100
மணலில் குதித்தல் 40
கர்லாக்கட்டை, இரு கைக்கும்
பிறகு மூன்று மைல் ஓட்டம்

மூட்டையில் இன்னும் கொஞ்சம் மணல் சேர்த்தேன். தாங்கினான்.

பந்தயத்துக்கு நான்கு ஞாயிறு. பன்னிரண்டு மைல். முதல் மூன்று பேரைத் தங்கள் ஓட்டக் குழுவில் சேர்த்து ஆபீசில் பியூன் வேலையும் தருவதாக ஒரு கம்பெனிக்காரர் சொல்லியிருக்கிறார். மு.வுக்கு முப்பது வயது, என்னைவிட மூன்று குறைவு. ரிக்ஷாவை விட்டு இறங்க இதுதான் வழி, அடுத்த வருஷம் கால் இருக்குமோ இருக்காதோ என்கிறான்.

பள்ளிக்கூடத்தில் விசில் காணோம். கைதட்டியே டிரில் நடத்தினேன். டிரில் மாஸ்டர் கைதட்டினால் பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

ஜனவரி 10, வியாழன்

படியில் எழும்பும்போது மு. இடது காலைத் தயங்கித் தயங்கி வைத்தான். கேட்டேன். நேற்று மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து இரண்டு கனத்த சவாரி, அதுதான் என்றான். எழுபதில் நிறுத்தியிருக்கலாம். நூறும் செய்ய விட்டேன்.

டிசம்பரில் கான்வாஸ் ஷூ வாங்கித் தந்தது நான். வெறுங்காலில் ஓடிப் பழகினவன். ஷூவா, மூட்டையா, குதிக்க வைத்ததா? மூன்றையும் ஒரே மாதத்தில் ஏற்றினேன்.

மண்ணெண்ணெய் கார்டு. மறக்கக் கூடாது.

ஜனவரி 13, ஞாயிறு

போகி. ஊரெல்லாம் புகை. எட்டு மைல் என்று கிளம்பினோம், அவன் ஓட்டம், நான் ஜட்கா வண்டியில் பின்னால். ஆறாவது மைலில் நின்றுவிட்டான்.

உட்கார வைத்துத் தொட்டுப் பார்த்தேன். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, உட்புறம், எலும்பின் மேல். விரல் நுனி அளவு இடம்தான். அங்கே தொட்டால் துள்ளுகிறான். சதைவலி என்றால் ஒரு கை அகலத்துக்குப் பரவியிருக்கும். எனக்குத் தெரியும். தெரிந்தும், நல்லெண்ணெய் காய்ச்சித் தடவு, சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டேன்.

கரும்பு வாங்க மறந்ததில் மனைவி பாக்கியத்துக்குக் கோபம். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்றும் கேட்டாள். புகை என்றேன்.

ஜனவரி 16, புதன்

காணும் பொங்கல். மீர்சாகிப்பேட்டை காசிம் பாயிடம் மு.வைக் கூட்டிப் போனேன். குஸ்திக்காரர்களுக்கு எலும்பு கட்டுகிறவர். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பிறகு ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார். இரண்டாவது குதிப்பில் மு. சுவரைப் பிடித்துக்கொண்டான். பாய் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டார்.

"இது சுளுக்கு இல்லே மாஸ்டர். நான் தேச்சா கெட்டுப்பூடும். ஆஸ்பத்திரில படம் புடிச்சுப் பாருங்க."

தன் பிழைப்பையே வேண்டாம் என்று சொல்கிற வைத்தியர். அதுதான் பயமாக இருக்கிறது.

திரும்பும்போது மு. ரிக்ஷாவில் ஏறச் சொன்னான். ஏறவில்லை. லஸ் வரை கூடவே நடந்தேன். அவன் காலையே பார்த்துக்கொண்டு.

ஜனவரி 18, வெள்ளி

ஆஸ்பத்திரி. நீள வரிசை. எக்ஸ்ரே. டாக்டர் இளவயதுக்காரர், அவசரக்காரர். மு. உள்ளே வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். எலும்பில் மயிரிழை போல ஒரு கீறல். ஆறு வாரம் ஓடக் கூடாது. ரிக்ஷா கூடவே கூடாது. மீறினால் ஒருநாள் சுள்ளி மாதிரி ஒடியும். அதையே சீட்டிலும் எழுதித் தந்தார்.

மு.வுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான்.

வெளியே வந்து கேட்டான். லேசான அடி, ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?
1. பந்தயம் நடத்தும் சங்கத்துக் காரியதரிசியிடம், இவன் முதல் மூன்றில் வருவான் என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன்.
2. அவனுக்கு அந்த வேலை.
3. என் பயிற்சியால் வந்தது என்று தெரிந்துவிடும்.

மூன்றாவதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஜனவரி 21, திங்கள்

பருவம் தப்பிய தூறல். நேற்று ஓட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

சீட்டு சட்டைப் பையில். சட்டை மாற்றினால் சீட்டையும் மாற்றி வைக்கிறேன். ஆறாம் வகுப்பில் யாரோ சாக்பீஸை ஒடித்த சத்தம். திடுக்கிட்டுத் திரும்பினேன்.

சோறு இறங்கவில்லை. ரேஷன் அரிசியின் மேல் பழி போட்டேன்.

ஜனவரி 22, செவ்வாய்

மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் மு.வின் பெண்சாதி கன்னியம்மா. பனகல் பார்க் பக்கம் ஒரு வீடு கட்டுகிறார்கள், அங்கே செங்கல் தூக்குகிறாள். தலையில் சும்மாட்டோடு வந்திருந்தாள்.

"வாத்யாரே, அந்தச் சீட்டுல இன்னா எழுதிகீது? ராவெல்லாம் காலப் புட்ச்சிகினு குந்திகினு கீது. கேட்டா, வாத்யாரு ஒண்ணுமில்லன்னு சொல்ட்டாருன்னுது."

பையிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. எப்போது தெரியும் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றேன். விரல் மடக்கி எண்ணினாள்.

"நாலு நாளா வண்டி இசுத்துகினு கீது."

அவ்வளவுதான். போய்விட்டாள். ஐந்தாம் பீரியட் எப்படி நடத்தினேன் என்று நினைவில்லை.

ஜனவரி 23, புதன்

காலையில் மு. வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். மணலில் உட்கார்ந்தான். வண்டியை மச்சானிடம் கொடுத்துவிட்டானாம், கன்னியம்மா சொன்னதைக் கேட்டு. ஆனால் பந்தயம் ஓடியே தீருவேன் என்றான்.

அப்போது என் காலைப் பற்றிச் சொன்னேன். என் வலது கால் சற்று நொண்டுவதற்குச் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்வது. நிஜம் வேறு. இருபத்திரண்டு வயதில் இதே வலி, இதே இடம். மறைத்துக்கொண்டு ஓடினேன். ஒடிந்தது. கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு நான் ஓடவே இல்லை.

கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு:

"ஒன் காலு ஒடிஞ்சும் ஒனுக்குப் பள்ளிக்கூடத்துல வேல குட்த்தாங்கோ. என் காலு ஒடிஞ்சாலும் ஒடியலன்னாலும் எனுக்கு யாரு குடுப்பா?"



கடைசியில் ஒரு பேச்சு. பந்தயம் வரை தரையில் ஓட்டமில்லை, வண்டியுமில்லை. அன்று ஒன்பதாவது மைலில் நான் நிற்பேன். நொண்டினால் நிறுத்துவேன். சரி என்றான். தலையாட்டிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர் ஆறு வாரம் என்றார். நான் பதினோரு நாள் பேரம் பேசியிருக்கிறேன்.

ஜனவரி 27, ஞாயிறு

அடையாறு முகத்துவாரம். கழுத்தளவுத் தண்ணீரில் ஓட வைத்தேன், பாதம் தரையில் படாமல். இழுப்பு அதிகம், இடுப்பில் கயிறு கட்டி ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். மூச்சு நன்றாக வாங்குகிறது, காலுக்குப் பாரமில்லை. இதை முன்பே யோசித்திருந்தால்.

வலைக்காரர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, வழி தெரியாம கீறியா?" என்றார். மு. சிரித்தான். பத்து நாளைக்குப் பிறகு சிரிப்பு.

கரையில் தண்டால், வயிற்றுக்கான பயிற்சி, கர்லா. காலுக்கு ஒன்றும் கிடையாது. தொட்டால் வலி கொஞ்சம் குறைவு என்கிறான். நம்புவதா?

பிப்ரவரி 2, சனி

மேகமில்லை. நாளை வெயில் இருக்கும்.

பாக்கியத்திடம் என் கால் விஷயத்தைச் சொன்னேன். வெந்தயம் பொறுக்கிக்கொண்டே, "தெரியும். உங்களுக்குத்தான் சைக்கிளே விடத் தெரியாதே" என்றாள். கல்யாணமான எட்டு வருஷமாகத் தெரியுமாம்.

நாளைக்கு: தண்ணீர்க் கூஜா, கட்டுத் துணி, இரண்டு மூங்கில் பட்டை. பட்டை எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன்.

பிப்ரவரி 3, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சாந்தோமில் ஆரம்பம். இருபத்தாறு பேர். மு. வெறுங்காலில். ஷூவைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டான். திருவான்மியூர் தாண்டி ஆறாவது மைலில் திரும்பி வர வேண்டும். நான் அடையாறு பாலத்துக்குத் தெற்கே, ஒன்பதாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன்.

முதல் ஆள் போனான். இரண்டாவது ஆள் போனான். மூன்றாவது மு.

நான்காவது ஆள் ஒரு பர்லாங் பின்னால். அப்படியே போனால் வேலை மு.வுக்குத்தான். ஆனால் இடது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் தோள் சாய்ந்தது. உதட்டில் ரத்தம், கடித்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் சாலையின் மறு ஓரத்துக்குப் போய்விட்டான்.

நானும் குறுக்கே போனேன். இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

"வுடு வாத்யாரே. மூணு மைலு. வுடு."

மார்பில் குத்தினான். இரண்டு, மூன்று தடவை. விடவில்லை. நான்காவது ஆள் எங்களைக் கடந்தான். ஐந்தாவது ஆளும். அதற்குப் பிறகு மு. குத்துவதை நிறுத்திவிட்டுத் தெருப் புழுதியில் உட்கார்ந்தான். ஜட்காவில் ஏற்றும்போது அந்தக் காலை ஊன்ற முடியவில்லை. பட்டை வைத்துக் கட்டினேன். கட்டி முடிக்கும் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஓடி முடித்திருப்பானா? ஒடிந்திருக்குமா? இனி யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 5, செவ்வாய்

மறுபடி எக்ஸ்ரே. கீறல் அகன்றிருக்கிறது, ஒடியவில்லை. மு.வையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழில் சொல்லுங்கள் என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டேன். சொன்னார். நன்றாகத் திட்டினார், என்னைத்தான் அதிகம். இன்னும் மூன்று மைல் தாங்கியிருக்குமா என்று கேட்டேன். தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம் என்றார். மு. அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். 'தாங்கியிருக்கலாம்' என்பது அவன் காதில் எப்படி விழுந்திருக்கும்.

பந்தய நாளிலிருந்து மறுபடி ஆறு வாரம்.

பிப்ரவரி 10, ஞாயிறு

குடிசைக்குப் போனேன். மு. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கன்னியம்மா கூழ் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

காரியதரிசிக்கும் கோபம். ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்தியது ஒழுங்கீனமாம். இனிச் சங்கத்துப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

பிப்ரவரி 24, ஞாயிறு

பாண்டி பஜாரில் கன்னியம்மாவைப் பார்த்தேன். மு. ரிக்ஷாக் கொட்டகையில் உட்கார்ந்தபடியே சக்கரம் சரிபார்க்கிறானாம். ராத்திரியில் வலியில்லாமல் தூங்குகிறானாம். என்னைப் பற்றிப் பேச்சு எடுத்தானா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அவளாகவே, "ஒன்னப் பத்திப் பேசல வாத்யாரே" என்றாள். பிறகு சற்று நின்று, "திட்டவும் இல்ல" என்றாள்.

வெயில் ஏறிவிட்டது. பாக்கியம் பானையில் வெட்டிவேர் போட்டிருக்கிறாள்.

மார்ச் 17, ஞாயிறு

பழக்கத்தில் விடியும்போதே கடற்கரைக்குப் போனேன். மு. படியில் உட்கார்ந்திருந்தான். கம்பு ஊன்றாமலே நடந்து வந்திருக்கிறான். பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"வேல போனது போனதுதான். ஒம்மேல கோவம் இன்னும் போவல," என்றான். கடலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். "அத்த வுடு. இந்தக் காலு மறுபடி வண்டி இசுக்கணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கணும், சொல்லு."

எலும்பின் மேல் விரலால் அழுத்திப் பார்த்தேன். துள்ளவில்லை. மேடு தட்டியிருக்கிறது, பழைய இடத்தில்.

சமதரை. மூட்டை இல்லை, குதித்தல் இல்லை. இரண்டு கால்களையும் ஊன்றி, குதிகாலை மட்டும் மெதுவாகத் தூக்கி இறக்கச் சொன்னேன். என் தோளைப் பிடித்துக்கொண்டான். எட்டு வந்தபோதே கெண்டைச் சதை நடுங்கியது. இருபது செய்யட்டுமா என்று கேட்டான். பத்து போதும் என்றேன்.

பத்தோடு நிறுத்தினான்.