வியாழக்கிழமை வகுப்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் பிரேக்கை மிதித்துவிட்டேன். காலியான ரோடு. முன்னால் ஒரு நாய்கூட இல்லை. வங்கியில் வேலை பார்க்கும் அந்தப் பெண் இரண்டாவது கியரில் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுப்பவனுக்கென்று என் பக்கம் ஒரு பிரேக் உண்டு. கால் தானாகப் போய் அதில் விழுந்தது. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் ஹாரன்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"கண்ணாடி பார்க்கல."

பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

மார்ச் 5, புதன்

நெஞ்சை அடைக்கிறது என்று போனதற்கு, "உங்க இதயம் என்னோடதவிட நல்லா இருக்கு" என்றார் இதய டாக்டர். சந்தோஷப்படுவதா, டாக்டருக்காகக் கவலைப்படுவதா?

"சமீபத்துல எதாவது விபத்து?" என்று கேட்டார்.

சொன்னேன். ஜனவரி. நல்ல மழை. எங்களுக்குப் பச்சை விளக்கு. ஓட்டியது தையல்காரம்மா. தையல் கடையை மூடிவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர். பக்கவாட்டில் வந்த லாரி நிற்கவில்லை. அவருக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. போலீஸ், முதலாளி, வீட்டில் இவள், எல்லாருக்கும் ஒரே பல்லவி: உங்க மேல தப்பே இல்ல. எனக்கும் அது தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை.

ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். மனநல ஆலோசகராம்.

"எனக்குப் பைத்தியமா டாக்டர்?"

"இருந்தா நீங்க இப்படிக் கேக்க மாட்டீங்க. போய்ப் பேசுங்க."

மார்ச் 6, வியாழன்

நம்பர் சட்டைப்பையில் இருக்கிறது. சட்டை துவைக்கப் போகிறது. போகட்டும்.

மார்ச் 8, சனி

போகவில்லை. துவைக்கப் போடுமுன் சட்டைப்பையிலிருந்து நம்பரை எடுத்துவிட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, திருட்டுத்தனமாகப் பேசினேன். ஒரு பெண் குரல். வயது குறைவு போலத் தெரிந்தது. "என்ன பிரச்சினைன்னு சுருக்கமா சொல்ல முடியுமா?" என்றது.

"பிரேக்" என்றேன். வேறென்ன சொல்வது?

வியாழன் மாலை வரச் சொன்னார். இவளிடம், வியாழக்கிழமைகளில் ஒரு புது வகுப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். "இந்த வயசுல இன்னும் எத்தனை வகுப்பு எடுப்பீங்க?" என்றாள். பொய்யென்று தெரியாமலே கோபப்பட்டாள்.

மார்ச் 13, வியாழன்

படுக்க வைப்பார்கள் என்று நினைத்துக் கிழிசல் இல்லாத காலுறையாகத் தேடிப் போட்டுக்கொண்டு போனேன். அப்படி ஒன்றும் இல்லை. பல் டாக்டர் மாடிக்கு மேல் மாடி. கீழே யாரோ பல்லுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாற்காலி, தண்ணீர், காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அந்தப் பெட்டியை எனக்குப் பக்கமாக வைத்திருந்தார்கள். இவன் அழுவான் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டார்களா?

அந்தம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தூக்கம், சாப்பாடு, குடிப்பழக்கம், வீட்டில் யார் யார், எல்லாம் விசாரித்தார். மந்திரம் மாதிரி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"முதல் சில வாரம் பிரச்சினை அதிகமான மாதிரி கூடத் தோணலாம். மூடி வச்சதைத் தொறக்கறோம் இல்லையா? என்னோட பேசறது சரிப்படலன்னா அதையும் சொல்லுங்க. வேற ஒருத்தர்கிட்ட அனுப்பி வைக்கறேன். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

நான் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். கிளம்பும்போது கேட்டேன். "இங்க பேசறது என் முதலாளிக்குப் போகுமா?"

"போகாது. உங்க வீட்டுக்குக் கூடப் போகாது. ஒரே ஒரு விஷயம். உங்களாலயோ மத்தவங்களாலயோ ஒரு உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சும்மா இருக்க முடியாது. அப்பவும் முதல்ல உங்ககிட்டதான் பேசுவேன்."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். படி இறங்கும்போதுதான் உறைத்தது. என் வேலையே மற்றவர்கள் உயிரோடுதானே!

மார்ச் 20, வியாழன்

இரண்டாவது தடவை. பிரேக்கைப் பற்றிப் பேசவில்லை. பயிற்சிக்கு வருபவர்களின் கூத்துகளைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். கிளட்சை மிதிக்கச் சொன்னால் என் காலை மிதித்த ஆசாமியின் கதைக்குச் சிரிக்காதவர்களே கிடையாது. அந்தம்மாவும் சிரித்தார். பிறகு பேசாமல் இருந்தார். நானும் இருந்தேன். கீழே பல் துளைக்கும் மெஷின் சத்தம்.

"இப்ப உடம்புல என்ன நடக்குது?" என்றார்.

குனிந்து பார்த்தேன். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. எவ்வளவு நேரமாக?

எரிச்சலாக வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 22, சனி

கனவில் வைப்பர் சத்தம். சொன்ன மாதிரியே அதிகமாகிவிட்டது. போகாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

இதை எழுதிவிட வேண்டும்.

ரவுண்டானா. வங்கிப் பெண் சரியாகத்தான் நுழைந்தாள். வலது பக்கம் பெரிதாக ஏதோ வந்தது. பஸ்தான், தூரத்தில், அதன் வழியில். எனக்கு அது லாரி. பிரேக்கை மிதித்ததோடு நிற்கவில்லை, ஸ்டியரிங்கையும் பிடித்து இழுத்துவிட்டேன். வண்டி அடுத்த வரிசைக்குள் பாய்ந்தது. பைக்கில் ஒருவர், முன்னால் பெண் குழந்தை. ஒரு சாண். ஒரு சாண் இருந்திருக்குமா? அவர் நிறுத்தி இறங்கி வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணிடம், "பார்த்து ஓட்டக் கூடாதாம்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும்.

அலுவலகம் வந்ததும் சொன்னாள்: "சார், உங்களுக்கு எதோ ஆகியிருக்கு. எனக்கு வண்டி ஓட்டப் பயம் இல்ல. உங்க பக்கத்துல உட்காரத்தான் பயமா இருக்கு."

மார்ச் 26, புதன்

நாளை இதை அங்கே சொன்னால்? உயிருக்கு ஆபத்து. அந்தம்மா சொன்ன அந்த ஒரே விஷயம் நான்தான். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? இந்த வேலையை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

உடம்பு சரியில்லை, வர முடியாது என்று சொல்லிவிடலாமா?

மார்ச் 27, வியாழன்

போனேன். சொன்னேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன், எங்கே நாற்காலியில் உட்கார்ந்தால் மனசு மாறிவிடுமோ என்று. பைக், குழந்தை, ஒரு சாண், எல்லாம்.

போனை எடுப்பார் என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை.

"நாளைக்கு அந்த வண்டியில ஏறப் போறீங்களா?"

"காலைல வகுப்பு இருக்கு."

"நான் கேட்டது அது இல்ல."

பதில் தெரிந்துதான் இருந்தது.

"ஏறக் கூடாது" என்றேன். சொன்னதும் — என்ன கூத்து இது — அழுதேன். பெட்டி பக்கத்திலேயே இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

யாரிடம் சொல்வது, முதல் வாக்கியம் என்ன, அவர் கத்தினால் என்ன செய்வது என்று இருவருமாக உட்கார்ந்து யோசித்தோம். இத்தனை நாளில் முதல் தடவையாக வகுப்பு மாதிரி இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

முதலாளி கத்தத்தான் செய்தார். "ஜனவரியிலிருந்தா? இத்தனை நாள் வாயில என்ன கொழுக்கட்டையா?" மேஜையைத் தட்டினார். நான் ஒத்திகை பார்த்த வாக்கியத்தையே மறுபடி சொன்னேன்: "இப்போதைக்கு என்னால வண்டியில உட்கார முடியாது. சிகிச்சைக்குப் போறேன்."

வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தார். "போர்டுல படம் போட்டு ரோட்டு விதியெல்லாம் நடத்துவீங்களா?" என்றார். நடத்துவேன் என்றேன். சம்பளம் குறையும் என்றார். குறையட்டும். வங்கிப் பெண்ணிடமும் போனில் சொல்லிவிட்டேன், ரவுண்டானாவில் தப்பு என்னுடையது என்று. "தெரியும் சார்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "தேங்க்ஸ்" என்றாள்.

மார்ச் 30, ஞாயிறு

வெளியே தீர்ந்தது. வீட்டில் வெடித்தது. இவள் அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறாள். வியாழக்கிழமை வகுப்பே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"யாரு அவ?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. தட்டு பறந்தது. எவர்சில்வர், உடையவில்லை. பிறகு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வேறொருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டாள் போல.

"யாரோ ஒரு பொண்ணுகிட்ட சொல்லத் தெரிஞ்சுது, எங்கிட்ட வரலையா?"

"உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியல. நீ பயந்துடுவ."

"ஏற்கெனவே பயந்துதாங்க கெடக்கேன்! தூங்கும்போது என்னை உதைக்கறீங்க!"

எனக்குத் தெரியாது. ஒருநாள்கூடச் சொன்னதில்லையே அவள்.

ஏப்ரல் 10, வியாழன்

வீட்டுப்பாடம் தருகிறார்கள். நிறுத்தி வைத்த காரில், சாவி போடாமல், சும்மா உட்கார வேண்டும். படபடப்பு ஏறும், இறங்கும், இறங்கும்வரை எழுந்து ஓடக் கூடாது. மச்சினன் அந்தப் பக்கமாக வந்தவன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன மாமா, பெட்ரோல் இல்லாம ஊர் சுத்தறீங்களா?" என்றான். அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மோசமான நாள். ஒரு லாரி ஹாரனுக்கு போர்டின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். மாணவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஏப்ரல் 24, வியாழன்

லாரி மோதிய பிறகு இருந்த அந்த நிசப்தத்தைப் பற்றி இன்று முதல் தடவையாகப் பேசினேன். மழை உள்ளே அடித்தது. தையல்காரம்மா கண்ணை மூடியிருந்தார். கூப்பிட்டேன், பதில் இல்லை. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர் முனகும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குள் இன்னும் முடியவில்லை. இதை நான் எனக்கே சொன்னதில்லை.

அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை அது எரிச்சலாக இல்லை.

மே 3, சனி

தையல்காரம்மாவுக்கு நானே போன் செய்தேன். இத்தனை நாள் அவர் கூப்பிட்டால்கூட எடுக்காமல் இருந்தவன். பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம். "உசுரோட இருக்கீங்களா சார்? நான்கூட உங்களுக்குத்தான் எதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்" என்றார். தோள் மழைக்கு வலிக்கிறதாம். மீண்டும் கற்றுக்கொள்ள வருவாராம், ஆனால் வேறு ஆளிடம். கோபித்துக்கொள்ள வேண்டாமாம். கோபமே வரவில்லை.

மே 15, வியாழன்

இவளிடம் லைசன்ஸ் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. கல்யாணமான புதிதில் எடுத்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறேன் என்று அப்போதே ஓட்டுவதை விட்டுவிட்டாள். இன்று பஸ் ஓடவில்லை. "தம்பி காரை வாங்கி வச்சிருக்கேன். பின்சீட்டுல ஏறுங்க. வாயைத் தொறந்தா நடுரோட்டுல எறக்கி விட்டுடுவேன்" என்றாள்.

ஏறினேன். கதவுப் பிடியை இறுகப் பிடித்திருந்தேன். கியர் மாற்றும்போது உறுமல். வாயைத் திறக்கவில்லை. பெரிய சிக்னல் வரை நினைவிருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது என் முழங்காலைத் தட்டும் கை. பல் டாக்டர் வாசல்.

"எந்திரிங்க, வந்தாச்சு. குறட்டை வேற."